கல்வி உதவி: பெறுதலும் காத்தலும்



கல்வி உதவித்தொகை என்று இந்நாளில் நாம் வழங்குவதை நம் முன்னோர் உபகாரச் சம்பளம் என்று வழங்கினர். அத்தொடரைச் சற்றே எண்ணிப் பாருங்கள். உபகாரம் என்பது பிறர் நமக்குச் செய்யும் உதவி. சம்பளம் என்பது நாம் செய்யும் வேலைக்குப் பெறும் ஊதியம். ஒன்றோடொன்று ஒட்டாதன போலத் தோன்றும் இவ்விரு சொற்களையும் அவர்கள் ஒருங்கே சேர்த்து வைத்தார்கள். கொடுப்பவர் பக்கம் நின்று நோக்கினால் அது உதவி. பெறுகின்றவர் பக்கம் நின்று நோக்கினால் அது ஊதியம். அவ்வூதியத்துக்குரிய வேலை யாது? படித்தலே அவ்வேலை. வேலை நின்றால் சம்பளமும் நிற்கும் என்பதை எவரும் அறிவர். ஆயினும், உதவித்தொகை பெறும் மாணவர் பலர் முன்பாதியை மட்டும் நினைவில் வைத்துப் பின்பாதியை மறந்து விடுகின்றனர். ஒருமுறை கிடைத்த உதவி படிப்பு முடியும் வரையில் தானாகவே வந்துகொண்டிருக்கும் என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணத்தால் விளையும் இழப்பு பெரிது. ஆகவே, கல்லூரிக் கல்விக்குரிய உதவியைப் பெறுவது எவ்வாறு, பெற்றதைக் காப்பது எவ்வாறு என்னும் இரண்டையும் இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

இவ்விரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1904-ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதத்திலேயே அவர் மனம் முழுவதும் தோய்ந்திருந்தது; ஏனைய பாடங்களில் அது செல்லவில்லை. தேர்வில் தவறினார், உதவித்தொகையும் நின்றது. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து படித்தும் எஃப்.ஏ. தேர்வில் அவர் தேறவில்லை. 1912-ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். மேலதிகாரிகளும் கணிதம் வல்லாரும் அவருடைய ஆற்றலை உணர்ந்தனர். வானிலை ஆய்வுத் துறையின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர் அவருக்காகப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். அதன் பயனாக, 1913-ஆம் ஆண்டு மே மாதம் முதல் இரண்டாண்டுக் காலத்துக்கு, மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகையைச் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு வழங்கியது. முதுகலைப் பட்டம் பெற்றோர்க்கே உரிய அவ்வுதவி, பட்டமே பெறாத இராமானுஜனுக்கு விலக்காக அளிக்கப்பெற்றது. அதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தாம் செய்த ஆராய்ச்சியைக் குறித்து அவர் அறிக்கை தரல் வேண்டும். 1914-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்துக்குக் கப்பலேறும் வரையில் அவ்வறிக்கைகளை அவர் தவறாது அளித்து வந்தார்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிய வேண்டுவன இரண்டு. இராமானுஜன் எத்தகைய மேதை என்பதை எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும் என்ற விதி அறியாது. விதி என்பது ஆயிரம் பேருக்குப் பொதுவாக எழுதப்படுவது. ஒருவனுடைய தனித்தகுதியைக் காணும் கண் அதற்கு இல்லை. ஆதலின், மேதையாயினும் விதியின் எல்லைக்குள் நின்றே உதவியைக் காத்துக்கொள்ளல் வேண்டும். இரண்டாவது, விதியின் கண்ணுக்குப் புலப்படாததை மனிதரின் கண் காணும். வாக்கரைப் போன்ற ஒருவர் எடுத்துச் சொன்ன பொழுது பல்கலைக்கழகம் விலக்களித்தது. இடர் நேரும்பொழுது வாய் திறந்து உரியவரிடம் சொல்லுதல் எத்துணை இன்றியமையாதது என்பதைப் பின்னர் விளக்குவேன்.

மற்றொரு சான்று டாக்டர் அம்பேத்கருடையது. 1913-ஆம் ஆண்டில் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையினால் அவர் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். மூன்றாண்டுகளுக்கு மாதந்தோறும் பதினொன்றரைப் பவுன் என்பது ஏற்பாடு. குறிப்பிட்ட பாடங்களையே பயில வேண்டும். படிப்பு முடிந்தபின் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதப்பெற்றது. 1916-இல் இலண்டன் சென்று மேலும் படிக்கத் தொடங்கிய அவர், உதவிக்குரிய காலம் முடிந்தமையால் 1917-இல் படிப்பை இடையே நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. திரும்பு முன் அவர் செய்த ஒரு செயல் நம் கருத்துக்குரியது. நான்காண்டுக்குள் மீண்டும் வந்து படிப்பைத் தொடர்வதற்குப் பல்கலைக்கழகத்தினிடம் அனுமதி பெற்றுக்கொண்டே அவர் புறப்பட்டார். அவ்வனுமதி கையில் இருந்தமையால்தான் 1920-இல் திரும்பச் சென்று, 1923-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற முடிந்தது. கதவு மூடிக்கொள்ளு முன் அதைத் தாழிடாது வைக்குமாறு கேட்டுப் பெற்ற அந்த முன்னறிவே உதவியைக் காப்போர்க்கு வேண்டுவது.

இனி நம் காலத்துக்கு வருவோம். உதவிகளை நான்கு வகையாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, சமுதாயத்தில் நெடுங்காலம் கல்வி மறுக்கப்பெற்றோர்க்கு அரசினர் அளிப்பது. ஆதிதிராவிட மாணவர்க்குப் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புகளுக்கென வழங்கப்பெறும் உதவி 1944-ஆம் ஆண்டில் தொடங்கியது. அவ்வமயம் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராயிருந்தவர் டாக்டர் அம்பேத்கரே என்பது நினைக்கத்தக்கது. 2021-இல் திருத்தியமைக்கப்பெற்ற விதிகளின்படி, பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதிருத்தல் வேண்டும். செலவில் 100-க்கு 60 பங்கு மத்திய அரசும், 40 பங்கு மாநில அரசும் ஏற்றன.

இரண்டாவது, மதிப்பெண்ணை அடிப்படையாகக் கொண்டது. மத்திய அரசின் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர் உதவித்தொகைத் திட்டம் இவ்வகைக்குத் தக்க எடுத்துக்காட்டு. ஆண்டுக்கு 82,000 புதிய உதவிகள் என்று எண்ணிக்கை வரையறுக்கப்பெற்ற திட்டம் இது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தம் வாரியத்தில் தேறியோருள் முதல் ஐந்தில் ஒரு பங்கினருள் இடம்பெற்றிருத்தல் வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படலாகாது. நேர்முகமாகக் கல்லூரிக்குச் சென்று படிப்பவராக இருத்தல் வேண்டும், அஞ்சல்வழிப் படிப்புக்கு இவ்வுதவி இல்லை. இளங்கலையின் முதல் மூன்றாண்டுகளுக்குரிய தொகை 2022-23-ஆம் கல்வியாண்டை ஒட்டி ஆண்டுக்கு 12,000 ரூபாயாக உயர்த்தப்பெற்றது; முதுகலைக்கு ஆண்டுதோறும் 20,000 ரூபாய்.

மூன்றாவது, மாநில அரசு தனியே வகுத்தவை. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாளில் தொடங்கப்பெற்றது. ஆண்பிள்ளைகளுக்கென அதை ஒத்த தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கோவையில் தொடங்கப்பெற்றது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குச் செல்வோர்க்குத் தொழிற்கல்விக் கட்டணத்தில் அளிக்கப்பெறும் சலுகையும் இவ்வகையினதே. அச்சலுகை குடும்பத்தில் ஒருவருக்கே உரியது என்பதை நினைவிற்கொள்க.

நான்காவது, வங்கிக் கடன். இதனை உதவித்தொகையோடு சேர்த்து எண்ணுவது தவறாயினும், உதவியின் வரிசையில் வைத்துப் பேசாதிருக்க இயலாது. முன் மூன்றும் திருப்பித் தர வேண்டாதவை. இது வட்டியுடன் திருப்பித் தர வேண்டுவது. இவ்வேறுபாட்டை முதல் நாளிலேயே மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள்.

இவற்றைப் பெறுவதற்கு வேண்டும் தகுதி உங்களிடம் இருக்கின்றது என்று கொள்வோம். அத்தகுதியை ஏட்டில் காட்டுதல் அடுத்த வேலை. இங்கேதான் முதல் தடை எழுகின்றது. அறிவுக் குறைவினால் உதவி இழந்தவர்களைக் காட்டிலும் ஏட்டுக் குறைவினால் இழந்தவர்களையே என் ஆசிரிய வாழ்வில் மிகுதியாகக் கண்டிருக்கின்றேன்.

பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தமிழ்நாட்டு வழக்கப்படி தந்தையின் பெயரை முதலெழுத்தாக முன்னே இடுகின்றோம். மதிப்பெண் சான்றிதழில் மு. செல்வி என்றிருக்கும். ஆதார் அட்டையில் செல்வி முருகன் என்றிருக்கும். வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து பின்னே போய்ச் செல்வி மு. என்றிருக்கும். நமக்கு மூவரும் ஒருவரே. கணிப்பொறிக்கு மூவரும் மூவரே. பிறந்த தேதியில் ஒரு நாள் வேறுபடினும் முடிவு அதுவே. ஆகவே, பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும்பொழுதே இம்மூன்று ஏடுகளையும் ஒரே மேசையில் விரித்து வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு கண்டால் அப்பொழுதே திருத்திக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தின் கடைசி நாளன்று இ-சேவை மையத்தின் வாயிலில் நிற்கும்பொழுது அதைச் செய்ய முடியாது.

சான்றிதழ்களிலும் இருவகை உண்டு. சாதிச் சான்று ஒருமுறை பெற்றால் நிலையாக இருப்பது. வருமானச் சான்று ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. ஆகவே பழைய சான்று செல்லாமற் போகலாம். கல்லூரி திறந்ததும் ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் வட்டாட்சியர் அலுவலகத்தை நாடுவர். தேர்வு முடிந்த கோடைக்காலத்திலேயே அதனைப் பெற்று வைப்பவர் அந்நெருக்கடிக்குத் தப்புவர்.

வங்கிக் கணக்கைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். இந்நாளில் உதவிப் பணம் ஆதார் எண்ணோடு இணைக்கப்பெற்ற கணக்குக்கே நேராகச் செல்கின்றது. ஒருவருக்கு இரண்டு மூன்று கணக்குகள் இருப்பின், கடைசியாக எக்கணக்கு அவ்வாறு இணைக்கப்பெற்றதோ அதற்கே பணம் போகும். பழைய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துப் பணம் வரவில்லை என்று வருந்தும் மாணவர், புதிய கணக்கில் அது வந்து கிடப்பதை அறிவதில்லை. அன்றியும், ஈராண்டுக் காலம் வரவுசெலவு ஏதும் செய்யாது விட்ட கணக்கு இயங்காத கணக்கு என்று வகைப்படுத்தப்படும். எப்பொழுதேனும் சிறு தொகையையாவது இட்டும் எடுத்தும் கணக்கை உயிருடன் வைத்திருங்கள்.

விண்ணப்பத்தை இணையத்தளத்தில் அனுப்பியவுடன் வேலை முடிந்தது என்று கருதுதலும் பிழை. தேசிய உதவித்தொகை இணையத்தளத்தில் விண்ணப்பம் சென்றபின், முதலில் கல்லூரி அதனைச் சரிபார்க்க வேண்டும்; அதன்பின் அடுத்த நிலையில் உள்ள அலுவலர் சரிபார்க்க வேண்டும். ஏதேனும் குறை இருப்பின், திருத்துக என்று விண்ணப்பம் திரும்பி வரும். திரும்பி வந்ததைக் காணாதிருந்தால், திருத்தும் காலம் கழிந்து விண்ணப்பம் வீணாகும். வாரம் ஒருமுறை அதன் நிலையைப் பாருங்கள். விண்ணப்ப எண்ணை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால், கைப்பேசி பழுதாகும்பொழுது எண்ணும் போய்விடும்.

இனிக் காத்தலுக்கு வருவோம். காத்தற்குரிய விதிகள் வருகை, தேர்ச்சி, புதுப்பித்தல், உண்மை என நான்கு.

வருகையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். முன்னே சொன்ன மத்திய அரசுத் திட்டத்தில் உதவியைப் புதுப்பிக்க 100-க்கு 75 விழுக்காடு வருகை வேண்டும். ஒரு பருவத்தில் 90 வேலை நாட்கள் என்று கொண்டால், வர வேண்டிய நாட்கள் 68. வராதிருக்கக்கூடிய நாட்கள் 22. இருபத்திரண்டு நாள் என்பது பெரிய எண்ணாகத் தோன்றும். வாரத்துக்கு ஐந்து நாள் கல்லூரி எனின், 90 நாள் என்பது 18 வாரம். குடும்ப நிலை காரணமாக வாரத்தில் ஒரு நாள் கூலி வேலைக்குப் போகும் மாணவன், அதிலேயே 18 நாட்களைச் செலவிட்டு விடுகின்றான். எஞ்சுவன நான்கே நாட்கள். அந்நான்கினுள் காய்ச்சல் அடங்க வேண்டும். அக்காளின் திருமணம் அடங்க வேண்டும். ஊர்த் திருவிழாவும் அடங்க வேண்டும். அடங்குமா? ஒரு நாள் கூலிக்காக ஓராண்டு உதவியை இழக்கும் நிலை இவ்வாறே வருகின்றது. வேலைக்குப் போகாதே என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. போகத்தான் வேண்டுமெனில் மாலையிலோ விடுமுறை நாளிலோ போவதற்கு வழி தேடுங்கள். இத்தனை நாள் வந்தேன், இத்தனை நாள் வரவில்லை என்னும் கணக்கை நீங்களே எழுதி வாருங்கள் என்று சொல்லும் கடமை எனக்குண்டு.

அடுத்தது தேர்ச்சி. அதே திட்டத்தில், ஆண்டுத் தேர்வில் 100-க்கு 50 மதிப்பெண்ணாவது பெற்றால்தான் உதவி தொடரும். கலை, அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் 40 மதிப்பெண் பெற்றாலே தேர்ச்சி. எனவே 45 மதிப்பெண் பெற்றவன் தேர்ச்சியும் அடைகின்றான், உதவியையும் இழக்கின்றான். தேர்ச்சிக் கோடு வேறு, உதவிக் கோடு வேறு என்பதை முதல் பருவத்திலேயே அறிந்து வைத்தல் நலம். எவ்வுதவிக்கு எக்கோடு என்பதை அவ்வத் திட்டத்தின் அறிவிப்பில் காண்க. உங்கள் உதவிக்குரிய கோட்டை அறைச் சுவரில் எழுதி ஒட்டி வைத்தாலும் தகும்.

மூன்றாவது புதுப்பித்தல். ஆண்டுதோறும் மீண்டும் விண்ணப்பித்தாலன்றி உதவி வாராத திட்டங்கள் பல. என்னிடம் பள்ளியில் படித்த நெசவாளர் மகன் ஒருவன், நல்ல மதிப்பெண் பெற்று, கல்லூரியில் உதவியும் பெற்றான். முதலாண்டில் பணம் வந்தது. இரண்டாமாண்டிலும் தானே வரும் என்று காத்திருந்தான். மார்கழி மாதத்தில் என்னைக் காண வந்து, பணம் ஏன் வரவில்லை என்று வினவினான். புதுப்பிக்க விண்ணப்பித்தாயா என்று கேட்டேன். அப்படி ஒன்று உண்டு என்பதே அவனுக்குத் தெரியவில்லை. கடைசி நாள் கழிந்து பல வாரம் ஆகியிருந்தது. வருகையிலும் மதிப்பெண்ணிலும் அவனிடம் குறை ஏதும் இல்லை. அவ்வாண்டு இரவெல்லாம் தறியில் அமர்ந்து கட்டணத்தைச் சேர்த்தான்; படிப்பையும் முடித்தான். ஆனால் அவ்வாண்டு கல்லூரிக்குப் போக வேண்டியிருந்த அவன் தங்கை ஓராண்டு வீட்டிலிருந்தாள். ஒரு விண்ணப்பத்தின் விலை அந்தப் பெண்ணின் ஓராண்டு. இதை விடத் தெளிவாகப் புதுப்பித்தலின் இன்றியமையாமையை நான் எடுத்துரைக்க இயலாது.

நான்காவது உண்மை. வருமானத்தைக் குறைத்துக் காட்டியோ, வேறு பொய்க் கூற்றினாலோ பெற்ற உதவி, உண்மை வெளிப்பட்டால் நிறுத்தப்படும். பெற்ற தொகையும் திரும்பக் கேட்கப்படும். இன்னும் ஒன்று. சில உதவிகள் பிறிதோர் உதவியோடு சேர்ந்து வாரா. முன்னே கூறிய மத்திய அரசுத் திட்டத்தில் சேர்ந்தவர் வேறு உதவித்தொகை பெறுதல் கூடாது. புதுமைப் பெண் திட்டமோ, வேறு உதவி பெறுவோர்க்கும் உண்டு என்னும் விதியோடு தொடங்கப்பெற்றது. இரண்டையும் ஒன்றாக எண்ணி, கிடைப்பதை எல்லாம் வாங்குதலும் தவறு. அஞ்சி, உரியதை விடுதலும் தவறு. விதியைப் படித்தே முடிவு செய்தல் வேண்டும். படிப்பை இடையில் மாற்றிக்கொள்ள விரும்புவோரும், மாற்றுவதற்கு முன்னரே உதவியின் நிலை யாதாகும் என்று கேட்டறிதல் வேண்டும்.

கடனைப் பற்றிச் சில சொற்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தின்படி, நான்கு இலட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணையம் கேட்கப்படுவதில்லை. பெற்றோர் உடன் கையொப்பமிட வேண்டும். படிப்புக் காலமும், அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டுவதில்லை. தவணைதான் இல்லையே தவிர, வட்டி ஓடிக்கொண்டேயிருக்கும். கணக்குக்காக வட்டி 100-க்கு 10 என்றும், ஆண்டின் தொடக்கத்தில் ஓர் இலட்சமாக நான்காண்டு கடன் பெற்றதாகவும் கொள்வோம். தவணை தொடங்கும் நாளில் முதல் இலட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி 50,000, அடுத்ததற்கு 40,000, அதற்கடுத்து 30,000, கடைசிக்கு 20,000. ஆக, தனி வட்டிக் கணக்கிலேயே 1,40,000 ரூபாய். நான்கு இலட்சம் என்று எண்ணியிருந்த கடன் ஐந்து இலட்சத்து நாற்பதினாயிரமாக நம் முன் நிற்கும். படிக்கும்பொழுதே இயன்ற அளவு வட்டியைக் கட்டி வந்தால் இச்சுமை குறையும். வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்க்கு அக்காலத்து வட்டியை அரசே ஏற்கும் திட்டம் 2009-இல் தொடங்கப்பெற்றது. அதன் விதி ஒன்று கருதத்தக்கது: படிப்பை இடையில் கைவிட்டவர்க்கும், ஒழுங்கீனத்தினால் நீக்கப்பெற்றவர்க்கும் அச்சலுகை இல்லை, நோயின் காரணமாக நின்றவர்க்கு மட்டும் தக்க சான்றின் பேரில் அது உண்டு.

இவ்விதியிலேயே மற்றொரு படிப்பினை பொதிந்துள்ளது. விதிகள் நாம் எண்ணுமளவு இரக்கமற்றவை அல்ல. நோய்க்கு இடம் தந்தே அவை எழுதப்பெறுகின்றன. ஆனால் நோய்வாய்ப்பட்டமையைச் சொன்னவனுக்கே அவ்விடம் கிடைக்கும். காய்ச்சலில் பத்து நாள் கிடந்து, மருத்துவச் சான்றும் பெறாமல், ஆசிரியரிடமும் சொல்லாமல், மூன்று மாதம் கழிந்து வந்து முறையிடுபவனுக்கு விதி என்ன செய்யும்? நம் பிள்ளைகளுக்குக் கூச்சம் மிகுதி. வீட்டு வறுமையைப் பிறரறியச் சொல்லுதல் இழிவு என்று கருதுகின்றனர். உதவித்தொகை பெறுகின்றேன் என்பதையே தோழரிடம் மறைப்போரை நான் அறிவேன். உபகாரச் சம்பளம் என்னும் பழந்தொடரை இவர்கள் நினைவுகூர வேண்டும். உழைத்துப் பெறும் ஊதியத்துக்கு எவரேனும் நாணுவரோ? அத்தொகை ஊராரின் வரிப்பணம். தீப்பெட்டி வாங்கும் கிழவியும் அதில் ஒரு பங்கு தந்திருக்கின்றாள். அவள் உங்களுக்கு இட்டது பிச்சையன்று. நாளை இவ்வூருக்கு ஒரு மருத்துவர், ஓர் ஆசிரியை, ஒரு பொறியாளர் வேண்டும் என்று இன்றே கொடுத்து வைத்த அச்சாரம்.

ஆதலின், இடர் நேரின் அன்றே சொல்லுங்கள். கல்லூரிகளில் உதவித்தொகைக்கெனப் பொறுப்பேற்ற ஆசிரியர் ஒருவர் இருப்பார். முதல் வாரத்திலேயே அவரை நேரில் கண்டு, உங்கள் பெயரையும் பெறும் உதவியையும் தெரிவியுங்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். திருத்தக்கூடிய காரணமாயின் திருத்துங்கள். அலுவலகத்தில் கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு படி எடுத்து வைத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். இதனை அவநம்பிக்கை என்று எவரும் கருதார். ஒழுங்கு என்றே கருதுவர்.

தொகைகளும் வருமான வரம்புகளும் காலத்துக்குக் காலம் மாறுவன. நான் கூறிய எண்களை அவ்வவ்வாண்டின் அறிவிப்போடு ஒப்பிட்டுக்கொள்ளுதல் உங்கள் பொறுப்பு. மாறாதன அந்நான்கே: நாள் தவறாது வருதல், கோட்டுக்கு மேல் நிற்றல், காலத்தில் புதுப்பித்தல், உள்ளதை உள்ளவாறு சொல்லுதல். இவை நான்கும் பொருட்செல்வம் வேண்டுவன அல்ல. ஆகையால் செல்வமில்லாத வீட்டுப் பிள்ளையும் இவற்றைச் செய்ய இயலும். இவ்வாண்டு கல்லூரிக்குச் செல்லும் மாணவர், முதல் மாத உதவி வந்ததும் ஒரு குறிப்பேடு வாங்கி, அடுத்த ஆண்டுக்குரிய புதுப்பிக்கும் நாளை அதன் முதற்பக்கத்தில் எழுதி வைப்பாராக.